கடல் பக்கம் ஒரு பேர், கரைப் பக்கம் ஒரு பேர்

ராமநாதபுரம் மாவட்டத்துக் கீழக்கரையில் விமான டிக்கெட் போட்டுக் கொடுக்கும் சின்னக் கடை என்னுடையது. துபாய், சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு என்று எந்த ஊருக்குக் கேட்டு வந்தாலும், முதல் முறை போகிறவர் இரண்டு கேள்வி கேட்காமல் என் மேசையை விட்டு எழுந்திருக்க மாட்டார். "அங்கே நம்ம ஆளுங்க இருக்காங்களா காக்கா?" என்பது ஒன்று; அண்ணனை எங்கள் ஊரில் காக்கா என்போம். "ரூம், தண்ணி, சாப்பாடெல்லாம் எப்படி?" என்பது இன்னொன்று. குடும்பத்தோடு போகிறவராக இருந்தால் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் இரண்டாவது கேள்வியில் சேர்ந்துகொள்ளும்.

பெரிய நகரங்களுக்குப் பேர் எப்படி வருகிறது என்று எழுதுகிறவர்கள் இனப் பன்மை என்றும் வாழ்வசதி என்றும் சொல்வது இந்த இரண்டு கேள்விகளைத்தான். என்னைப் போன்றவன் உள்ளே வரலாமா? வந்தால் நிம்மதியாகக் குடியிருக்க முடியுமா? போகிறவர்களிடம் இதை இத்தனை வருடம் கேட்டுக் கேட்டுப் பழகிய எனக்கு, எங்கள் ஊருக்கு வருகிறவர் என்ன கேட்பார் என்று யோசிக்கத் தோன்றியதே இல்லை. மாடி வீட்டுக்கு ஒரு குடித்தனக்காரர் வந்த பிறகுதான் தோன்றியது. அவர் இங்கே இருந்த மூன்றரை வருடத்தைத்தான் ஒரு நிகழ்வு ஆய்வாக எழுதிப் பார்க்கிறேன். அவர் பேரும் வங்கியின் பேரும் வேண்டாம்.

மாற்றல்

2017 ஜூன். முந்தைய வருடத்து வடகிழக்குப் பருவமழை பொய்த்துப்போய், கண்மாய்கள் வெடித்துக் கிடந்த கோடை. கோவையிலிருந்து மாற்றலாகி வந்த வங்கி மேனேஜர் ஒருவர் எங்கள் மாடியைப் பார்க்க வந்தார். அறைகளைச் சரியாகக்கூடப் பார்க்கவில்லை. நேராகக் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து பார்த்துவிட்டு, "தண்ணி எப்படிங்க பாய்?" என்றார். தெருவில் யார் குடியிருக்கிறார்கள், கோயில் எவ்வளவு தூரம், மகளைச் சேர்க்க எந்தப் பள்ளிக்கூடம், எதுவும் கேட்கவில்லை. சிறுவாணித் தண்ணீர் குடித்து வளர்ந்தவருக்கு வேறு கேள்வி வரவில்லை.

உத்தரவைப் பார்த்த அன்று அவர் மனைவி அழுதுவிட்டாராம். கூட வேலை பார்த்தவர்கள், "யார்கிட்ட வம்பு பண்ணினீங்க?" என்று விசாரித்தார்களாம்.

விசாரிக்கத்தான் செய்வார்கள். தமிழ்நாட்டில் மேலதிகாரி ஒருவர் "தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்" என்று மிரட்டினால், கேட்கிறவர் மனதில் வருவது ராமநாதபுரம்தான். தமிழ்நாட்டுக் கடற்கரையின் நீளத்தில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு எங்கள் மாவட்டத்தில் இருக்கிறது. 2011 கணக்கெடுப்புப்படி 13.5 லட்சம் பேர் இங்கே குடியிருக்கிறோம். ஆனாலும் வெளியில் இது ஊர் இல்லை, காடு. 2018-ல் நிதி ஆயோக் பின்தங்கிய மாவட்டங்களுக்கு 'முன்னேற விழையும் மாவட்டங்கள்' என்று மரியாதையாகப் பேர் வைத்துப் பட்டியல் போட்டபோது, தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்றவை இரண்டே மாவட்டங்கள். ஒன்று விருதுநகர், இன்னொன்று நாங்கள்.

உலகப் பட்டியலும் ஒரு மாற்றல் உத்தரவுதான்

எக்கனாமிஸ்ட் குழுமத்தின் ஆய்வுப் பிரிவு வருடாவருடம் வாழத் தகுந்த நகரங்களின் பட்டியலை வெளியிடுகிறது. இப்போது அதில் 173 நகரங்கள். 2011 முதல் 2017 வரை ஏழு வருடம் மெல்போர்ன் முதலிடத்தில் இருந்தது. 2022, 2023, 2024-ல் வியன்னா, 2025-ல் கோபன்ஹேகன். மார்க் போடும் முறை இப்படி: அமைதிக்கும் பாதுகாப்புக்கும் 25, பண்பாட்டுக்கும் சுற்றுச்சூழலுக்கும் 25, மருத்துவத்துக்கு 20, சாலை, வீடு, தண்ணீர், மின்சாரம் போன்ற வசதிகளுக்கு 20, கல்விக்கு 10.

பத்திரிகைகள் இதைப் பெருமைப் பட்டியலாகத்தான் போடுகின்றன. ஆனால் இதற்கு இன்னொரு பயன் உண்டு. வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் கம்பெனிகள், போகிற ஊரின் கஷ்டத்துக்காகச் சம்பளத்தோடு எவ்வளவு படி சேர்த்துக் கொடுக்கலாம் என்பதை இந்த மார்க்கை வைத்துக் கணக்கிடலாம். 80-க்கு மேல் வாங்கிய ஊர் என்றால் ஒன்றும் தர வேண்டாம், 50-க்குக் கீழே போனால் 20 சதவீதம் கூடுதலாகக் கொடுங்கள் என்று பட்டியல் போடுகிறவர்களே ஆலோசனை சொல்கிறார்கள். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 'தண்ணியில்லாக் காடு' என்பதும் இதே வேலையைச் செய்யும் பட்டியல்தானே? ஒரே ஒரு வரி உள்ள பட்டியல், அவ்வளவுதான் வித்தியாசம். படிதான் யாரும் தருவதில்லை.

அந்தப் பட்டியலில் இனப் பன்மைக்கென்று தனி மார்க் கிடையாது. மதக் கட்டுப்பாடுகள், சாப்பாடு, கலை நிகழ்ச்சி என்று சுற்றி வளைத்துக் கொஞ்சம் வரும். எத்தனை வகை மனிதர்கள் எத்தனை நூற்றாண்டாகச் சண்டை போடாமல் ஒரே கடைத்தெருவில் வியாபாரம் செய்கிறார்கள் என்று கேட்கும் கட்டம் அதில் இல்லை. அப்படி ஒரு கட்டம் இருந்திருந்தால் எங்கள் கரை நல்ல மார்க் வாங்கியிருக்கும்.

கடல் பக்கத்துப் பேர்

வைகை கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் அழகன்குளம். அங்கே தோண்டியபோது ரோமானிய நாணயங்களும் மேற்கத்திய மண்பாண்டத் துண்டுகளும் கிடைத்தன. பெரியபட்டினத்தில் சீனப் பீங்கான் துண்டுகள் கிடைத்தன. திருப்புல்லாணிப் பெருமாள் கோயிலில் 13-ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. பவித்திரமாணிக்கப்பட்டினத்துச் சோனகரின், அதாவது முஸ்லிம் வணிகர்களின், பள்ளிக்கு நிலம் விட்ட செய்தியைச் சொல்லும் கல்வெட்டு அது. பள்ளிவாசலுக்குக் கொடுத்த நிலத்தின் பத்திரம் பெருமாள் கோயில் சுவரில் இருக்கிறது. அந்தக் காலத்துக் கணக்குப்பிள்ளைக்கு அது ஒரு செய்தியாகவே பட்டிருக்காது.

17-ஆம் நூற்றாண்டில் கிழவன் சேதுபதி ராமநாதபுரத்தை ஆண்டபோது அவருக்கு நெருக்கமானவர் கீழக்கரை மரைக்காயர் ஷெய்கு அப்துல் காதிர். சீதக்காதி என்றால் தமிழ்நாட்டுக்கே தெரியும். 'செத்தும் கொடுத்தான் சீதக்காதி' என்று பேர் வாங்கிய வள்ளல் அவர்தான். அவர் காலத்தில் எழுந்த எங்கள் பெரிய ஜும்மாப் பள்ளியின் கல் தூண்களைப் பார்த்தால் கோயில் மண்டபம் என்றே தோன்றும். டச்சுக்காரர்கள் இங்கே பண்டகசாலை வைத்திருந்தார்கள். மன்னார் வளைகுடாவில் முத்துக்கும் சங்குக்கும் குளித்தவர்களில் பரதவர் உண்டு, கடையர் உண்டு, முஸ்லிம்களும் உண்டு. எடுத்த சங்கு வங்காளத்துக்குப் போய்க் கல்யாணப் பெண்ணின் கையில் வளையலாயிற்று. ராமேஸ்வரத்துக்கு வடநாட்டு யாத்ரீகர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். ஓரியூரில் 1693-ல் கொல்லப்பட்ட போர்த்துகீசியப் பாதிரியார் அருளானந்தரின் சமாதிக்கு எல்லாச் சாதியும் போகிறது.

இத்தனையும் வேண்டாம், எங்கள் ஊர்த் தொதல் ஒன்றே போதும். அரிசி மாவு, தேங்காய்ப்பால், கருப்பட்டி சேர்த்துக் கை கடுக்கக் கிண்டுவது. மலாய் நாட்டில் அதற்கு டொடோல் என்று பேர். எங்கள் கப்பல்காரர்கள் பினாங்கிலோ மலாக்காவிலோ சாப்பிட்டு, செய்முறையை வீட்டுக்குக் கொண்டுவந்திருக்க வேண்டும். வட்டலப்பம் என்கிற இனிப்பும் அப்படித்தான் கடல் தாண்டி வந்தது. மாடிக்கு வந்த மேனேஜரின் மனைவி முதலில் தொட யோசித்தது தொதலைத்தான். பார்க்கக் கரேலென்று எண்ணெய் மினுங்கியது. மூன்றாம் மாதம் கோவைக்குப் போகும்போது இரண்டு கிலோ கட்டிக்கொண்டு போனார்.

ஆக, கடல் வழியாக வந்தவர்களிடமும் கடல் வழியாக நாங்கள் போன ஊர்களிலும் கீழக்கரைக்கு ஒரு பேர் உண்டு. நம்பி ரத்தினக்கல்லைக் கையில் கொடுக்கலாம், கணக்குச் சுத்தமாக இருக்கும், யாரோடும் ஒத்துப்போவார்கள் என்பது அந்தப் பேர். கரை வழியாக, அதாவது மதுரை ரோட்டில் பஸ் ஏறி வருகிறவர்களிடம் இருப்பது வேறு பேர். ஊர் ஒன்றுதான், பேர் இரண்டு. மாற்றல் உத்தரவு வருவது எப்போதும் மதுரை ரோட்டில்தான்.

வாடகைக்கு வீடு

எங்களைப் பற்றி நாங்களே பாடிக்கொண்டிருந்தால் அது ஆய்வு ஆகாது. அந்த மேனேஜருக்கு மாடியைக் கொடுக்க உம்மா சம்மதிக்கவில்லை என்பதையும் எழுத வேண்டும். "வெளியாளு, ஆம்பள வந்து போவாங்க, பொம்பளப் புள்ளைங்க இருக்குற வீடு" என்றார். எங்கள் ஊரில் பெண்ணுக்கு வீடு கொடுத்துக் கல்யாணம் முடிப்பது வழக்கம். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். அதனால் தெருவெல்லாம் சொந்தக்காரப் பெண்களின் வீடு. அவர்கள் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குச் சந்து வழியாகவே போய்வருவார்கள். கடைத்தெருவில் எல்லோரும் ஒன்றாக நிற்போம், வீட்டுத் தெரு என்று வந்தால் ஆளுக்கொரு தெரு. கரையோரப் பன்மை என்று நான் மேலே எழுதியதெல்லாம் பெரும்பாலும் கடைத்தெருப் பன்மை.

உம்மாவை நான் எப்படிச் சம்மதிக்க வைத்தேன் என்றால், என் கதையைச் சொல்லித்தான். 2009-ல் ஒரு வேலையாகச் சென்னையில் ஆறு மாதம் தங்க வீடு தேடினேன். போனில் பேசும்போது வீடு காலியாக இருக்கும். பேரைச் சொன்னதும் "இப்பத்தான் சார் ஒருத்தர் அட்வான்ஸ் குடுத்துட்டுப் போனார்" என்பார்கள். ஒன்பது வீடு இப்படி. பத்தாவது வீட்டுக்காரர் பேரைக் கேட்கவில்லை, மூன்று மாத அட்வான்ஸைத்தான் கேட்டார். அங்கே குடியேறினேன். மத்திய அரசு 2020-க்கு வெளியிட்ட வாழ்வசதிப் பட்டியலில் பெரிய நகரங்களில் சென்னைக்கு நாலாவது இடம், பெங்களூருக்கு முதலிடம். பேரைச் சொன்ன பிறகும் வீடு கிடைக்குமா என்பதற்கும் அதில் ஒரு மார்க் இருந்திருக்கலாம். மெரினாவில் எல்லோரும் ஒன்றாகக் காற்று வாங்குவதை மட்டும் பார்த்து ஒரு நகரத்துக்குப் பன்மையில் மார்க் போட்டுவிட முடியாது.

"எனக்கு வீடு கிடைக்காம இருந்ததே, அதையே நாம இவருக்குச் செய்யணுமா?" என்றேன். உம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "மாடிப்படிக்கு வெளிப்பக்கமா கதவு போடு" என்றார். போட்டேன்.

எட்டுக் குடம்

தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், மற்ற எல்லாம் அதில்தான் தொங்குகிறது. எங்கள் கரையில் நிலத்தடி நீர் பெரும்பாலும் உப்பு. ஆனால் கடலோர மணல்மேட்டில் பெய்த மழை கீழே இறங்கி, கனமான உப்புத் தண்ணீருக்கு மேலே ஒரு பாளம்போல மிதந்து நிற்கும். மணலில் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் மெதுவாக மொண்டால் இனிப்பான தண்ணீர் கிடைக்கும். அவசரப்பட்டு மோட்டார் போட்டு இழுத்தால் அடியிலிருக்கும் உப்பு மேலே ஏறிவிடும், அந்த ஊற்று அத்தோடு கெட்டது. பொறுமைக்கு மட்டும் கிடைக்கிற தண்ணீர் அது. ஊர் பெருகப் பெருக அந்தப் பொறுமை எங்கே நிற்கும்?

அப்புறம் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. திருச்சிப் பக்கம் காவிரியில் எடுத்து, குழாய் வழியாக இவ்வளவு தூரம் கொண்டுவருகிறார்கள். அது வந்த பிறகு நிலைமை முன்னைவிட மேல் என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். ஆனால் நீளமான குழாயின் கடைசியில் இருக்கிறவனுக்குக் கடைமடை விவசாயியின் கதிதான். எங்கள் தெருவுக்கு வந்தால் வந்தது, இல்லாவிட்டால் தள்ளுவண்டியில் குடம் அடுக்கிக்கொண்டு வருகிறவரிடம் வாங்க வேண்டியதுதான். அந்த வருடம் குடம் பத்து ரூபாய். மேனேஜர் வீட்டில் குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு ஆறு குடம். மாதம் 1,800 ரூபாய். எனக்கு அவர் கொடுத்த வாடகை 5,500. குளிக்கவும் துவைக்கவும் லாரித் தண்ணீர் தனி. அவர் வங்கிக்காரர் இல்லையா, எல்லாவற்றையும் ஒரு டைரியில் எழுதி வைத்திருந்தார்.

2019 கோடையில் எங்கள் தெருவுக்குப் பதினோரு நாள் குழாய்த் தண்ணீர் வரவில்லை. பதினோராம் நாள் அவருடைய அப்பாவுக்குத் திதி. காலையில் எழுந்தால் மேல்தொட்டி காலி, தள்ளுவண்டிக்காரரையும் காணோம். அவர் மனைவி கீழே வந்து உம்மாவிடம் ஒரு குடம் மட்டும் கேட்டார். உம்மா சந்து வழியாக ஒரு சின்னப் பெண்ணை விரட்டினார். அரைமணி நேரத்தில் நாலு வீட்டிலிருந்து எட்டுக் குடம் மாடிப்படியில் வந்து நின்றது. கொண்டுவந்த யாரும் மேலே ஏறவில்லை, ஐயர் வந்திருக்கிறார் என்று படியிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

இதை நல்லிணக்கக் கதையாக எழுதிக் கைதட்டு வாங்கலாம். அதில் எனக்குக் கொஞ்சம் கூச்சம் உண்டு. எட்டுக் குடம் வந்ததைப் பெருமையாகச் சொன்னால், ஒரு மனிதர் அப்பாவுக்குத் திதி கொடுக்கத் தண்ணீருக்காகப் பக்கத்து வீட்டில் நிற்க வேண்டியிருந்ததையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். கோவைக்குப் போய்விட்டு வந்த மேனேஜர் என்னிடம் சொன்னார்: "எட்டுக் குடம் வந்த கதையத்தான் எல்லார்கிட்டயும் சொன்னேனுங்க பாய். கேட்டவங்க எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்டாங்க. அப்ப அங்க தண்ணியே வராதா?"

ஒரு ஊருக்குப் பேர் வருகிற விதத்தை இதைவிடத் தெளிவாக நான் எங்கும் பார்த்ததில்லை. அவர் சொன்ன கதையில் இரண்டும் இருந்தன, மனிதர்களும் இருந்தார்கள், வறண்ட குழாயும் இருந்தது. காதில் விழுந்தது குழாய் மட்டும்.

தண்ணீரில்லாத இன்னொரு தீவு

இங்கேதான் சிங்கப்பூரைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். எங்களுக்கு அது அந்நிய ஊர் இல்லை. 1822-ல் நகரத்துக்கு வரைபடம் போட்டபோதே சூலியாக்களுக்கென்று ஒரு பகுதி ஒதுக்கினார்கள். சூலியா என்றால் சோழமண்டலக் கரையிலிருந்து போன தமிழ் முஸ்லிம்கள். அவர்கள் கட்டிய ஜாமிஆ சூலியா பள்ளிவாசல் இன்றும் சைனாடவுன் நடுவில் நிற்கிறது.

சிங்கப்பூரும் தண்ணியில்லாக் காடுதான். குடிக்கத் தண்ணீர் மலேசியாவின் ஜொகூரிலிருந்து குழாயில் வருகிறது. 1962-ல் போட்ட ஒப்பந்தம் 2061 வரை இருக்கிறது. பன்மையும் அங்கே ஆரம்பத்தில் பெருமையாக இருக்கவில்லை. 1964 ஜூலையிலும் செப்டம்பரிலும் சீனரும் மலாய்க்காரரும் மோதிக்கொண்டு உயிர்கள் போயின. இன்று அதே ஊரைப் பல இனம் வாழும் நகரம் என்று உலகம் பாராட்டுகிறது. நடுவில் நடந்தது என்ன?

பிரசங்கம் செய்து சரிக்கட்டவில்லை. வீடு கட்டினார்கள். இன்று அங்கே ஏறத்தாழ பத்தில் எட்டுக் குடிமக்கள் அரசு கட்டிய அடுக்குமாடியில் இருக்கிறார்கள். 1989-ல் ஒரு விதி வந்தது: ஒவ்வொரு பிளாக்கிலும் எந்த இனத்தவர் எத்தனை சதவீதம் வரை இருக்கலாம் என்று வரம்பு. தனி இனத்துக்குத் தனித் தெரு உருவாக விடவில்லை. எங்கள் ஊரில் உம்மா மாடிப்படிக்கு வெளிக்கதவு கேட்டார், அங்கே அரசாங்கம் ஒரே படியில்தான் ஏற வேண்டும் என்றது. தண்ணீருக்கு 2003-ல் கழிவுநீரைச் சுத்திகரித்து நியூவாட்டர் என்று கொண்டுவந்தார்கள், 2005-ல் கடல்நீரைக் குடிநீராக்கினார்கள். எங்கள் மாவட்டத்திலும் நரிப்பையூரில் கடல்நீர் நிலையம் வந்தது. ஆனால் ஒரு நிலையம் வருவதும் ஒரு வீட்டுக் குழாயில் தினமும் தண்ணீர் வருவதும் வேறு வேறு விஷயம்.

அந்த விதியிலும் சங்கடம் இல்லாமல் இல்லை. சிறுபான்மை இனத்தவர் வீட்டை விற்கப் போனால், வரம்பு காரணமாக வாங்குகிறவர் குறைந்து, விலையும் குறைகிறது என்று குறை சொல்கிறார்கள். இன்னொன்று, என் கடையில் டிக்கெட் எடுத்துச் சிங்கப்பூர் போன பலர் அந்த அழகான அடுக்குமாடியில் குடியிருந்ததே இல்லை. அவர்கள் டார்மிட்டரிக்காரர்கள். ஒரே அறையில் பத்துப் பன்னிரண்டு பேர், அடுக்குக் கட்டில். 2020-ல் கொரோனா அங்கே பரவியபோது நோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் இந்த டார்மிட்டரித் தொழிலாளர்கள்தான். வாழத் தகுந்த நகரம் என்று மார்க் போடும்போது யாருடைய அறையில் நின்று போடுகிறோம் என்பது முக்கியம்.

கெட்டுப்போன பேர்கள்

இதே கரையில் இன்னும் மூன்று ஊரைச் சொல்லிவிட்டு மாடி வீட்டுக்குத் திரும்புகிறேன்.

ஏர்வாடி எங்களுக்குப் பக்கத்து ஊர். தர்காவுக்கு எல்லா மதத்தவரும், கேரளாவிலிருந்தும் ஆந்திராவிலிருந்தும்கூட, மனநோய் தீர வேண்டி வருவார்கள். மார்க் போட்டால் பன்மைக்கு நூற்றுக்கு நூறு. 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே தனியார் காப்பகம் ஒன்றின் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் செத்தார்கள். அதன் பிறகு உச்ச நீதிமன்றம் தலையிட்டது, காப்பகங்கள் மூடப்பட்டன. 2017-ன் மனநலச் சட்டம் சங்கிலியில் கட்டுவதையே தடை செய்கிறது. ஆனால் ஏர்வாடி என்று சொன்னால் வெளியூர்க்காரர் முகத்தில் இன்றைக்கும் அந்தத் தீதான் தெரிகிறது.

தனுஷ்கோடியின் பேர் ஒரே ராத்திரியில் போயிற்று. சிங்கப்பூரில் கலவரம் நடந்த அதே 1964-ல், டிசம்பர் 22 இரவு வந்த புயல் ஊரையும் ரயிலையும் கடலுக்குள் இழுத்துக்கொண்டது. அரசு அதை வாழத் தகுதியற்ற ஊர் என்றே அறிவித்தது. வாழ்வசதிப் பட்டியலில் பூஜ்யம் வாங்கிய ஊர் உலகத்தில் இது ஒன்றாகத்தான் இருக்கும். 2017-ல் அரிச்சல்முனை வரை ரோடு வந்தது. இப்போது அந்தப் பூஜ்யத்தைப் பார்க்கத்தான் வேனில் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள்.

மூன்றாவது மண்டபம். 1983-க்குப் பிறகு படகில் வந்திறங்கிய இலங்கைத் தமிழர்களுக்கு அங்கே முகாம். 2021-ல் தமிழக அரசு 'மறுவாழ்வு முகாம்' என்று பேர் மாற்றியது. 2022-ல் இலங்கையில் பொருளாதாரம் கவிழ்ந்தபோது மறுபடியும் படகுகள் வந்தன. இங்கே முகாமில் இருக்கிறவர்களின் சொந்தக்காரர்கள் டொரொன்டோவில் இருக்கிறார்கள். 1998-ல் சுற்றியிருந்த நகராட்சிகளை இணைத்துப் புதிய டொரொன்டோ உருவானபோது அது வைத்துக்கொண்ட வாசகம், 'பன்மையே நம் பலம்.' 2021 கணக்கெடுப்பில் அந்நகரவாசிகளில் நூற்றுக்கு 46 பேருக்கு மேல் வெளிநாட்டில் பிறந்து குடியேறியவர்கள். ஒரே குடும்பத்தில் அண்ணன் அங்கே ஓட்டுப் போடுகிறார், தம்பி இங்கே நாற்பது வருடமாக அகதி. எங்களுக்கு மொழி ஒன்று, சாப்பாடு ஒன்று, ஒத்துப்போக ஒரு சிரமமும் இல்லை. காகிதம் மட்டும் கொடுக்கவில்லை. வாடகை ஏறி ஏறி டொரொன்டோவின் பேருக்கும் இப்போது சேதாரம் என்பது வேறு கதை.

காலி மாடி

2020 கடைசியில் மேனேஜருக்கு மறுபடி மாற்றல் வந்தது, இந்த முறை ஈரோட்டுக்கு. அவர் மகள் அதற்குள் உம்மாவை 'உம்மம்மா' என்று கூப்பிடப் பழகியிருந்தாள். மனைவி திரும்ப அழுதார். வந்தபோதும் அழுதாயே என்று அவர் கிண்டல் செய்தார், அவ்வளவுதான், அதை நான் பெரிதாக்கப் போவதில்லை. ஈரோட்டில் குழாயைத் திறந்தால் காவிரி வரும் என்று அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தையும் நான் பார்த்தேன்.

மாடி நாலு மாதம் காலியாக இருந்தது. அடுத்து ஒரு கல்லூரி ஆசிரியர், சேலத்துக்காரர், கேட்டு வந்தார். அவரும் நேராகக் குளியலறைக்குத்தான் போனார். தண்ணீரைப் பற்றி நானே சொன்னால் வீட்டுக்காரன் பேச்சாகிவிடும் என்று, மேனேஜருக்குப் போன் போட்டு அவர் கையில் கொடுத்தேன். பத்து நிமிடம் பேசினார்கள். தொதல், பள்ளிக்கூடம், தெருவில் ராத்திரி பெண்கள் பயமில்லாமல் நடக்கலாம் என்பது, எட்டுக் குடம், எல்லாம் இந்தப் பக்கம் காதில் விழுந்தது. கடைசியில் போன் என் கைக்கு வந்தது.

"அவருக்கு மாடியைக் குடுத்திருங்க பாய்," என்றார் மேனேஜர். "மேல இன்னொரு சின்டெக்ஸ் மட்டும் வாங்கி வச்சிருங்க. ஆயிரம் லிட்டர் பத்தாது."

இரண்டாயிரம் லிட்டரில் வாங்கி வைத்தேன். அவர் கொடுத்த அட்வான்ஸில் பாதி அதற்கே போயிற்று.